வேலிக்கு இரண்டு பக்கம்: பேராக்கின் பல்கலைக்கழக ஊர்களும் நம் தோட்டங்களும்



போன தவணையில் படிவம் 4 மாணவர்களுக்கு ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். கோயில், ஆறு, பேருந்து நிலையம், இரவுச் சந்தை என்று வழக்கமான வரிசைதான் வந்தது. ஒரு மாணவி மட்டும், “எங்கள் ஊரில் ஒரு பல்கலைக்கழகம் உள்ளது. என் அம்மா அங்கு வேலை செய்கிறார்” என்று எழுதியிருந்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அம்மா என்ன வேலம்மா?” என்று கேட்டேன்.

“கிளீனர், டீச்சர்.”

“நீ உள்ள போயிருக்கியா?”

“அம்மாவுக்கு வீட்டுச் சாவி குடுக்கப் போனப்ப கேட்டு வரைக்கும் போயிருக்கேன், டீச்சர்.”

குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று முழுக்க அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ‘நல்லாப் படிச்சா யுனிவர்சிட்டிக்குப் போகலாம்’ என்று வாரம் ஒரு தடவையாவது வகுப்பில் சொல்லிவிடுகிறோம், ஏதோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இடம் மாதிரி. ஆனால் பேராக்கில் பாருங்கள், பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் நம் பாட்டன் பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டங்களுக்கும் பழைய ஈயக்குட்டைகளுக்கும் பக்கத்தில்தான் நிற்கின்றன. கல்லூரி வந்தால் ஊர் மாறும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஊரும் கல்லூரியை மாற்றுகிறது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தஞ்சோங் மாலிமிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஊர் எனக்குக் கொஞ்சம் சொந்தம். பட்டப்படிப்புக்குப் பிறகு டிப்ளோமா படித்த காலத்தில் அங்கே ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பெர்னாம் ஆற்றின் இந்தக் கரை பேராக், பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூர். சின்ன ஊர்தான். ஆனால் மலேசியக் கல்வி வரலாற்றை எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

1922 நவம்பர் 29ஆம் நாள் அங்கே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க மலாக்காவிலும் மாத்தாங்கிலும் ஏற்கெனவே இரண்டு கல்லூரிகள் இருந்தன. அவற்றை மூடிவிட்டு, இரண்டுக்கும் பதிலாக இந்த ஒரே பெரிய கல்லூரியைக் கட்டினார்கள். இதற்குப் பின்னால் இருந்த யோசனை ஆர்.ஓ. வின்ஸ்டட் என்ற ஆங்கிலேய அதிகாரியுடையது. முதல் முதல்வர் ஓ.டி. டசெக், 1936 வரை பொறுப்பில் இருந்தவர். வின்ஸ்டட்டின் கணக்கு எளிமையானது. கம்பத்துப் பையன்களை ஆசிரியர்களாக்க வேண்டும், ஆனால் பட்டணத்து ஆட்களாக்கிவிடக் கூடாது. அதனால்தான் பாடத்திட்டத்தில் தோட்டக்கலைக்கும் கூடை முடைவது போன்ற கைத்தொழிலுக்கும் அவ்வளவு இடம். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஆசிரியர் கம்பத்துக்கே திரும்பிப் போவார், கம்பத்துப் பிள்ளையும் அப்பனைவிடக் கொஞ்சம் நல்ல விவசாயியாக வளரும் என்பது எதிர்பார்ப்பு.

கணக்கு பிசகியது. பல மாநிலங்களின் கம்பங்களிலிருந்து வந்த பையன்கள் ஒரே விடுதியில் படுத்து, ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஜொகூர்க்காரனும் பேராக்காரனும், ‘உன் ஊரிலும் இப்படித்தானா?’ என்று பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டால் அதை யார் நிறுத்துவது? 1924இல் மொழிபெயர்ப்புப் பிரிவு இந்தக் கல்லூரிக்கு வந்தது. மலாய் இலக்கண அறிஞர் ஸஆபா அதில்தான் பணியாற்றினார். பாடநூல்கள் அங்கேயே மொழிபெயர்க்கப்பட்டன. விவசாயியை எதிர்பார்த்த இடத்தில் எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் உருவானார்கள். 1938இல் இளம் மலாயர் சங்கத்தைத் தோற்றுவித்த இப்ராஹிம் யாக்கோப் இந்தக் கல்லூரியின் மாணவர். பட்டணத்தின் அரசியல் தொடாத இடம் என்று நம்பித் தேர்ந்தெடுத்த சிற்றூரிலிருந்துதான் அந்த அரசியலுக்கு ஆட்கள் கிளம்பினார்கள். கல்லூரியை அதன் பாடத்திட்டத்தைவிட, அங்கே வந்து சேர்ந்த கம்பத்துப் பையன்களே அதிகம் உருவாக்கினார்கள் என்பேன்.

இப்போது வேலிக்கு இந்தப் பக்கம் வருவோம்.

அதே காலத்தில் தஞ்சோங் மாலிம், பெஹ்ராங், சிலிம் ரிவர் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பரந்து கிடந்தன. கத்தோயாங் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கல்லூரி திறந்த மறு ஆண்டு, அதாவது 1923இல், தொழிலாளர் சட்டம் ஒரு விதியை வலியுறுத்தியது. ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் அந்த நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைப் பேசும்போது எல்லாரும் எடுத்துக்காட்டுகிற விதி இது. ஆனால் பள்ளி வைக்கச் சொன்ன சட்டம், அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. போருக்கு முந்திய மலாயாவில் தமிழாசிரியர்களுக்கென்று இப்படியொரு உறைவிடப் பயிற்சிக் கல்லூரி கிடையாது. பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, மருந்துக் கொட்டகையில் வேலை செய்தவரோதான் வாத்தியார்.

இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன், 1922, 1923. ஒரு பக்கம் தாய்மொழிப் பள்ளிக்கு ஆசிரியரை மூன்று வருடம் தங்கவைத்துப் பயிற்றுவிக்கிற கல்லூரி. சில மைல் தள்ளி, விடியற்காலையில் பிரட்டு முடித்த கையோடு பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிற கங்காணி. இரண்டையும் ஒரே அரசாங்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லூரி மேல் கோபப்பட இதில் ஒன்றுமில்லை, மலாய்ச் சமூகமும் அதற்காகத் தன் பங்குக்குப் போராடியிருக்கிறது. அந்தக் கங்காணி மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. தனக்குத் தெரிந்த நாலெழுத்தை அவர் சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால் நம் தாத்தாக்களில் எத்தனை பேர் பத்திரிகை படித்திருப்பார்கள்? ஆனால் ‘தமிழ்ப்பள்ளி ஏன் பின்தங்கியது?’ என்று யாராவது மேடையில் கேட்டால், இந்த இரண்டு ஆண்டுகளையும் சொல்லுங்கள். தரமான ஆசிரியப் பயிற்சி என்றால் என்ன என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதைக் கட்டிக்காட்டிய ஊரைச் சுற்றித்தான் நம் தோட்டங்கள் இருந்தன.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி அந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா மாடு வளர்த்து, கல்லூரி ஆசிரியர்கள் வீடுகளுக்குப் பால் ஊற்றினாராம். பாட்டியும் சின்னப் பிள்ளையாகச் செம்பைத் தூக்கிக்கொண்டு கூடவே போவாராம். “எங்களுக்குக் காலேஜுன்னா பின்வாசல்தான்மா தெரியும். முன்வாசல் எப்படி இருக்கும்னு கல்யாணம் ஆனப்புறம்தான் பாத்தேன்” என்று சிரிப்பார். அந்த முன்வாசலுக்குள் இருக்கிற சூலோ புடிமான் கட்டடம் இன்று தேசிய மரபுச் சின்னம்.

பிறகு வந்த மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1957இல் கல்லூரியின் பெயர் மலாய்மொழியில் மாறியது. 1976இல் பெண்கள் உள்ளே வந்தார்கள். 1987இல் அது பயிற்சிக் கழகமாகவும், 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டமும் அங்கே வந்தது. இதைப் படிக்கிற உங்களில் சிலர் அங்கிருந்து வந்தவர்களாகவே இருப்பீர்கள். கங்காணி வாத்தியாராக இருந்த வட்டாரத்திலேயே, தமிழாசிரியர்கள் தமிழில் ஆய்வேடு எழுதுகிறார்கள்.

பல்கலைக்கழகம் என்றான பிறகு ஊர் வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. மாணவர் தொகை விடுதிகளுக்குள் அடங்கவில்லை. தாமான் வீடுகள் அறை அறையாகப் பிரிந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிலாங்கூரிலும் மாணவர்கள் குடியேறினார்கள். பேராக்கில் பாடம், சிலாங்கூரில் தூக்கம். பால் ஊற்றியவரின் மகள் மாணவிகளுக்கு வீடு வாடகைக்கு விட்டார். ஒட்டுக்கடை போட்டவர்கள் பருவத் தேர்வு அட்டவணையைத் தெரிந்துவைத்திருந்தார்கள், எந்த வாரம் எவ்வளவு மாவு பிசைய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

ஊர் எங்களுக்குச் செய்ததையும் சொல்லணும். நாங்கள் ஐந்தாறு பேர் சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்தினோம். ஏதோ சேவை செய்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பாட்டிமார்கள் மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நெரை, பிரட்டு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை, தண்டல் போன்ற சொற்களை நான் விரிவுரையில் கேட்டதைவிட அங்கே கேட்டதுதான் அதிகம். இன்றைக்குத் தோட்டப் பின்னணியில் எழுதப்பட்ட ஒரு சிறுகதையை வகுப்பில் நடத்தும்போது, ஒரு சொல்லுக்கு அகராதியைத் தேடாமல் விளக்க முடிகிறது என்றால் அது அந்த மண்டபத்து ஓரத்தில் கிடைத்த படிப்பு. எங்கள் பேராசிரியர்கள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. நமக்கு அந்த முன்வாசல் திறந்த நேரத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த தோட்டம் காலியாகிக்கொண்டிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குப் போயின. தஞ்சோங் மாலிமுக்கு வெளியே புரோட்டோன் சிட்டி என்ற புதுநகரம் எழுந்து, 2003இல் கார்த் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. பல்கலைக்கழகமும் தன் புதிய வளாகமான சுல்தான் அஸ்லான் ஷா வளாகத்தை அந்தப் பக்கம்தான் அமைத்தது. பழைய டவுனில் மாணவர்களை நம்பிக் கடை வைத்தவர்களுக்கு இது சின்ன அடியல்ல. நடந்து வந்து சாப்பிட்ட மாணவர் இப்போது பேருந்து பிடித்து வர வேண்டும். ஊருக்குள் இருக்கிற வளாகமும் ஊருக்கு வெளியே இருக்கிற வளாகமும் ஒன்றல்ல. முதலாவதில் மாணவர் தெரியாமலேயே ஊர்க்காரராகிவிடுகிறார். இரண்டாவதில் ஊர் என்பது வார இறுதியில் போய்வருகிற இடம்.

2016இல் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் வட்டாரம் பத்தாங் பாடாங்கிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு வைத்த பெயர் முஅலிம். அந்தச் சொல்லுக்குப் பொருள் ஆசிரியர்! ஒரு மாவட்டத்துக்கே நம் தொழிலின் பெயர் கிடைத்திருக்கிறது. வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கதை இவ்வளவுதான் என்றால் நாம் பின்வாசலில் நின்றவர்கள் மட்டும்தான் என்று ஆகிவிடும். அது முழு உண்மையல்ல. தோட்டத்துத் தொழிலாளி பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைப்பதற்கு முன்னாலேயே அவர் காசு உள்ளே போயிருக்கிறது.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வியும் வந்தது. சமஸ்கிருதத்தை முன்னிறுத்தும் பரிந்துரையும் இருந்தது. இந்த நாட்டு இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர், ஆகவே தமிழ்தான் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தன் பத்திரிகை வழியாக இயக்கமே நடத்தினார். துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதுதான் வேண்டுகோள். பட்டணத்துக் கடைக்காரர்களோடு துறைமுகத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு வெள்ளி என்பது பால் மரம் வெட்டுகிறவருக்குச் சில்லறை அல்ல. 1956இல் துறை தமிழோடு தொடங்கியது, பிறகு கோலாலம்பூர் வளாகத்துக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் தலைமையேற்ற துறை இதுதான். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்குப் பின்னால் இந்தத் துறை நிற்கிறது. வளாகத்தின் அக்கம்பக்கம் என்றால் அதன் மதிலை ஒட்டிய நாலு தெரு மட்டும்தானா? ஒரு வெள்ளி அனுப்பிய தோட்டத்தையும் அந்தத் துறையின் அக்கம்பக்கம் என்றுதான் நான் சொல்வேன்.

எதிர்த்திசையில் ஒரு பயணமும் உண்டு. நம் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் பட்டம் பெற்றது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். அதை நிறுவியவர் அண்ணாமலை செட்டியார். பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்தவர். 1920இல் மீனாட்சி கல்லூரி என்று ஆரம்பித்தது 1929இல் பல்கலைக்கழகமானது. நடராசர் கோயிலைச் சுற்றி வாழ்ந்த ஒரு பழைய ஊருக்குப் பக்கத்தில் அண்ணாமலைநகர் என்ற புது ஊரே எழுந்தது. தமிழிசை இயக்கத்துக்கு 1940களில் அந்த வளாகம் ஒரு மையமாக இருந்தது. அங்கே படித்துவிட்டுத் திரும்பிய சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல், அவர் தொடங்கியதுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். மாதம் பத்து வெள்ளி கட்டி, தொழிலாளிகளே தோட்டம் வாங்குவது என்ற யோசனை. சிதம்பரத்துப் படிப்பு பேராக்கில் பள்ளிக்கூடமாகவும் நிலமாகவும் ஆனது.

இனிக் கம்பார். ஈப்போவிலிருந்து தெற்கே போகிற பழைய சாலையில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததல்ல. கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்த வட்டாரம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்திடம் விலையைத் தாங்கிப்பிடிக்கப் பணம் தீர்ந்துபோய், ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற ஊராகக் கம்பார் ஆகிவிட்டது. சுரங்கம் தோண்டிய இடமெல்லாம் தண்ணீர் நிற்கிற ஈயக்குட்டை, சுற்றிலும் ஒன்றும் முளைக்காத மணல்.

2002இல் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் நிலையான வளாகத்துக்கு இடம் தேடியபோது, பேராக் அரசு கம்பாரில் 1,300 ஏக்கர் ஒதுக்கியது. எதற்கும் உதவாது என்று விட்ட ஈய நிலம். 2007இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. அந்த ஈயக்குட்டைகளே இன்று வளாகத்தின் ஏரிகள், மாணவர்கள் நின்று படம் பிடித்துக்கொள்கிற இடம். ஜாலான் இட்ரிஸில் பழைய கடைவீடுகள் அப்படியே இருக்க, வளாகத்தின் பக்கம் பண்டார் பாரு முழுக்க மாணவர் வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் நகலெடுக்கும் கடைகளும் வந்துவிட்டன. 2009இல் கம்பாரும் கிந்தாவிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பல்கலைக்கழகம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1990களில் யாராவது கம்பாரைத் தனி மாவட்டமாக்கலாம் என்றிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஒரே பொருளை நம்பி வாழ்கிற ஊருக்கு வருகிற கஷ்டம் மட்டும் மாறவில்லை. அன்றைக்கு ஈய விலை, இன்றைக்குப் பருவ விடுமுறை. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, மாணவர்கள் திரும்பி வராத அறைகளுக்கு வங்கித் தவணை மட்டும் தவறாமல் வந்தது. வாடகையை நம்பி இரண்டாவது வீடு வாங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஊரும் மாணவரும் உரசிக்கொள்வதும் உண்டு. நள்ளிரவு மோட்டார் சத்தம், வீட்டு வாசலை அடைத்து நிறுத்திய கார், ஏறிக்கொண்டே போகும் வாடகை. இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதியல்ல. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1355 பிப்ரவரியில் ஒரு மதுக்கடையில் மது நன்றாக இல்லை என்று மாணவர்கள் தொடங்கிய சண்டை இரண்டு மூன்று நாள் கலவரமாகி, 60க்கு மேற்பட்ட மாணவர்களும் ஊர்க்காரர் பலரும் செத்தார்கள். அதற்குப் பரிகாரமாக நகர மேயர் ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குக் காசு கட்டினார், 1825 வரைக்கும்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே 1209இல் ஆக்ஸ்ஃபோர்டு ஊர்க்காரர்களோடு மோதல் வந்து கிளம்பிப் போனவர்களால் உருவானது. நம் ஊர்ச் சண்டையெல்லாம் ஊராட்சிக் கூட்டத்தோடு முடிந்துவிடுகிறது.

கம்பாரில் பள்ளம் நிரம்பிய கதை என்றால், துரோனோ பக்கம் ஆள் மாறிய கதை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு 1980களின் பிற்பகுதியில் பேராக்குக்கு வந்து ஸ்ரீ இஸ்கண்டாரில் நிலைகொண்டது. 1997இல் அந்த வட்டாரத்தில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 2001இல் பொறியியல் பிரிவு பினாங்கின் நிபோங் திபால் பக்கம் திரான்ஸ்கிரியானுக்குப் போய்விட்டது. பெட்ரோனாஸ் வளாகத்தை வடிவமைத்தது உலகப் புகழ்பெற்ற நோர்மன் ஃபோஸ்டரின் நிறுவனம், 2007இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருதும் கிடைத்தது. எனக்கு விருதைவிடத் திரான்ஸ்கிரியான் என்ற பெயர்தான் சுவாரசியம். அந்தப் பெயரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி உண்டு. பொறியியல் மாணவர் தன் முகவரியில் எழுதுகிற பெயரும், தோட்டத்துப் பிள்ளை சீருடையில் அணிகிற பள்ளிச் சின்னத்தில் உள்ள பெயரும் ஒன்று. இருவரும் இதைப் பற்றி யோசித்திருப்பார்களா தெரியாது.

ஈப்போவைப் பற்றி அதிகம் சொல்ல வரவில்லை. பெரிய நகரம் கல்லூரியை விழுங்கிவிடும். கிரீன்டவுனில் இருக்கிற மருத்துவக் கல்லூரியைத் தாண்டிப் போகிறவர்கள் அதை அலுவலகக் கட்டடம் என்றே நினைப்பார்கள்.

திரும்ப என் மாணவியிடம் வருகிறேன். எந்த வளாகம் என்று சொல்லாமல் விடுகிறேன், சொன்னால் பிள்ளையின் வீட்டை அடையாளம் காட்டியதாகிவிடும்.

கட்டுரையைத் திருத்தியதும் எல்லா மாணவர்களுக்கும் வீட்டில் கேட்டு வர மூன்று கேள்விகள் கொடுத்தேன். பல்கலைக்கழகம் வருவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது? நம் குடும்பத்தில் யாராவது அங்கே வேலை செய்தார்களா? அந்த இடத்தை அப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? நீங்களும் உங்கள் ஊரில் செய்து பாருங்கள். பல்கலைக்கழகம் இல்லாவிட்டால் பேரங்காடியோ தாமானோ இருக்கும். பிள்ளைகள் எழுதியே கொண்டுவர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கைப்பேசியில் பாட்டியின் குரலைப் பதிவுசெய்து வந்தாலே போதும், வகுப்பில் உட்கார்ந்து நாமே எழுத்தாக்கிக்கொள்ளலாம். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல மூலம் எனக்குக் கிடைத்ததில்லை. சீக்கிரம் செய்யுங்கள். என் வகுப்பில் 22 பேரில் 9 பேருக்குத்தான் கேட்டுச் சொல்லத் தாத்தாவோ பாட்டியோ இருந்தார்கள்.

அந்த மாணவி கொண்டுவந்த பதிவு நாலு நிமிடம். அவளுடைய பாட்டி பேசுகிறார். “லைப்ரரின்னு சொல்றாங்களே, பெரிய கட்டடம், அது இருக்கிற மேட்டுலதான் எனக்கு நெரை. நானூறு மரத்துக்கு மேல இருக்கும். ஏத்தம்கிறதனால யாரும் அந்த நெரையக் கேக்க மாட்டாங்க. மழை பேஞ்சா வழுக்கும். உங்கம்மாவ ஆயாக்கொட்டகையில விட்டுட்டுத்தான் போவேன்.” அவளுடைய அம்மா இப்போது தினமும் கூட்டித் துடைக்கிற தளம் அந்த நூலகத்தில்தான் இருக்கிறது. பாட்டிக்கு அது தெரியும், அம்மாவுக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பதிவைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாராம்.

தவணை முடிவதற்குள் முதல்வரிடம் அனுமதி வாங்கி, கடிதம் எழுதி, ஒரு பேருந்து பிடித்து வகுப்பையே அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கேட்டில் பாதுகாவலர் பெயர்களைப் பதிந்துகொண்டு உள்ளே விட்டார். எங்களைச் சுற்றிக்காட்ட ஒதுக்கப்பட்ட அதிகாரி வரத் தாமதமானது. நாங்கள் நிழலில் நின்றுகொண்டிருந்தபோது அந்த மாணவியின் அம்மா சீருடையோடு வந்தார். எந்த மாடியில் என்ன துறை, எந்த மின்தூக்கி அடிக்கடி நின்றுபோகும், தேர்வுக் காலத்தில் மாணவர்கள் எந்த மூலையில் படுத்துத் தூங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதிகாரி வந்து சேரும் வரை பாதி வளாகத்தை அவரே காட்டி முடித்துவிட்டார். மகள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.